உடுத்தும் குழந்தையைக் கேட்டுத் தையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளிவரும் தையற்குறிப்புகளையும் குழந்தைகளின் ஆடைகள் பற்றிய கட்டுரைகளையும் பல ஆண்டுகளாகத் தவறாமல் வாசித்து வருபவள் நான். தையல் என் தொழில். 22 ஆண்டுகளாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தைத்து வருகிறேன். செரிபிரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள 12 வயது மகளுக்குத் தாயும் ஆவேன். இந்த இரண்டு அனுபவங்களையும் துணையாகக் கொண்டு, அந்தப் பக்கங்களில் இதுவரை இடம்பெறாத ஒரு செய்தியைப் பற்றி எழுதத் துணிகிறேன். நேராக நின்று, இரு கைகளையும் தூக்கி, பத்து விரல்களாலும் பட்டன் போட்டுக்கொள்ளும் குழந்தையை மனத்தில் வைத்தே தையற்காரர்கள் அனைவரும் துணியை வெட்டுகிறோம். அவ்வாறு செய்ய இயலாத குழந்தைக்கு எப்படி அளவெடுப்பது, எப்படி வெட்டுவது என்பதை நான் பயின்ற வகுப்பில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. கடையில் தொங்கும் ஆடைகளிலும் அதற்கு விடை கிடைக்கவில்லை.

உலகில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஏறத்தாழ 24 கோடிப் பேர், அதாவது பத்துக் குழந்தைகளில் ஒருவர் என்று 2021-ஆம் ஆண்டில் யுனிசெஃப் கணக்கிட்டது. இத்தனை கோடிக் குழந்தைகளுக்கும் தினமும் காலையில் ஆடை அணிவிக்க வேண்டும், இரவில் கழற்ற வேண்டும். பலருக்கு இடையில் இரண்டு மூன்று முறை மாற்றவும் வேண்டியிருக்கிறது. இவர்களுடைய சிகிச்சை பற்றியும் கருவிகள் பற்றியும் பள்ளிச் சேர்க்கை பற்றியும் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் பல முறை நடக்கும் இந்த வேலையைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதாலோ என்னவோ, அது வெளியில் எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

என் மகளுக்கு இரண்டு கால்களும் இடது கையும் விறைப்பானவை. இடது முழங்கை எப்போதும் மடங்கியிருக்கும்; விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகியிருக்கும். அவசரப்பட்டு நீட்ட முயன்றால் விறைப்பு இன்னும் கூடும். வலது கை நன்றாக வேலை செய்யும். பள்ளியிலும் வெளியிலும் அவள் சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். சிறு குழந்தையாக இருந்தவரை அவளுக்குச் சட்டை மாட்டுவது பெரிய சிரமமாகத் தெரியவில்லை. ஆறு வயதுக்குப் பிறகு உடல் வளர வளர, மடங்கிய அந்தக் கையைச் சட்டையின் கைக்குள் நுழைப்பது நாள்தோறும் இருவர் கண்ணிலும் நீர் வரவழைக்கும் வேலையாயிற்று. சட்டைக் கையின் முனை வழியாக என் விரல்களை உள்ளே விட்டு, அவளுடைய முஷ்டியைப் பிடித்து மெல்ல வெளியே கொண்டுவருவேன். பெருவிரல் மட்டும் துணியில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக வளையும்; அவள் அலறும்போதுதான் எனக்கு அது தெரியவரும். ஒரு நாள் கைக்குழித் தையல் விட்டு, சட்டை அக்குளிலிருந்து இடுப்பு வரை பிரிந்துவிட்டது. பிரிந்த சட்டை எந்தச் சிரமமும் இல்லாமல் கையோடு கழன்று வந்ததைப் பார்த்தபோதுதான், இவ்வளவு காலமும் குழந்தையின் கையோடு மல்லுக்கட்டியதற்குப் பதிலாகச் சட்டையை மாற்றியிருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

எங்களுக்கு வழிகாட்டிய ஆக்குபேஷனல் தெரபி நிபுணர், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யக் குழந்தையைப் பழக்குபவர், அதற்கு முன்பே ஒரு விதியைச் சொல்லித் தந்திருந்தார். அணிவிக்கும்போது சரியாக இயங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். அந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் அறிந்த அடிப்படைப் பாடம் இது. ஆனால், சட்டைக் கை குழாய் போல மூடியே இருக்கும்வரை இந்த விதி பாதி உதவியைத்தான் செய்யும். இயங்காத கையின் பக்கம் ஆடை முழுதாகத் திறக்குமானால், கையை எங்கும் வளைக்காமல் துணியை அதன்மேல் போர்த்தி மூடிவிடலாம். தெரபி நிபுணருக்குத் தெரிந்தது தையற்காரருக்கும், தையற்காரருக்குத் தெரிந்தது தெரபி நிபுணருக்கும் போய்ச் சேரவே இல்லை என்பதை அப்போது உணர்ந்தேன்.

முதலில் நான் தைத்தது முதுகுப்பக்கம் முழுவதும் திறந்த சட்டை. மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அணிவிக்கும் அங்கியைப் பார்த்து எடுத்த வெட்டு அது. முன்பக்கம் காலர், பட்டன் பட்டி எல்லாம் சாதாரணச் சட்டையைப் போலவே இருக்கும். இரண்டு கைகளையும் முன்னிருந்து நுழைத்து, பின்பக்கத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து மூன்று பிரஸ் பட்டன்களை அழுத்தினால் வேலை முடிந்தது. கால் மணி நேரம் ஆகும் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்ததால் மனம் குளிர்ந்து, அதே வெட்டில் ஏழெட்டுச் சட்டைகளைத் தைத்து அடுக்கிவிட்டேன். நான்கைந்து நாள் பேசாமல் அணிந்துகொண்ட மகள், ஒரு காலையில் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதிலே நான் போடுற பட்டன் எங்கே?" என்று கேட்டாள்.

பழைய சட்டையில் கீழே உள்ள இரண்டு பட்டன்களை வலது கையால் அவளே போட்டுக்கொள்வாள். அதற்கு வெகுநேரம் ஆகும். பள்ளி வாகனம் வந்துவிடுமே என்று பொறுமையிழந்து நானே போட்டுவிட்ட நாட்களும் உண்டு. புதிய சட்டையில் அந்தப் பட்டன்களை வெறும் அழகுக்காக வைத்து, பட்டியை மூடித் தைத்திருந்தேன். திறப்போ அவள் கை எட்டாத முதுகில் இருந்தது. எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் மிச்சமாயிற்று. அவளுக்கு அந்த நாளில் தானாகச் செய்துகொண்டிருந்த ஒரே உடுத்தும் வேலை போய்விட்டது.

அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு ஏற்ற ஆடை என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேறு ஆடைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். உடுத்திவிடுபவரின் வேலையைக் குறைக்கும் ஆடை ஒன்று. குழந்தை தானே உடுத்திக்கொள்ள வழிசெய்யும் ஆடை மற்றொன்று. முதல் வகையை நான் குறை கூற மாட்டேன். தசைச்சிதைவு நோய் முற்றிய குழந்தைக்கும், இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் மார்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் குழந்தைக்கும் அதுவே வேண்டும். தூக்கியும் திருப்பியும் உடுத்திவிடும் பெற்றோரின் இடுப்பையும் தோளையும் காப்பதும் சிறிய செய்தி இல்லை. ஆனால், இந்தக் குழந்தைக்கு எந்த வகை வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்காவிட்டால், துணி எடுப்பவரும் தைப்பவரும் மாட்டிவிடுபவரும் பெரியவர்களாகவே இருப்பதால், எல்லா ஆடையும் முதல் வகையாகவே முடிந்துவிடுகிறது.

அதன் பிறகு நான் தைத்த சட்டையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இடது கைமுனையில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு வரை அதில் தையலே கிடையாது. அந்த நீளம் முழுவதும் வரிசையாகப் பிரஸ் பட்டன்கள். கைக்குழியை வழக்கத்தைவிடக் கீழே இறக்கி, அக்குளில் வைர வடிவத் துண்டு ஒன்றைச் சேர்த்ததால் மடங்கிய முழங்கைக்கு இடம் கிடைத்தது. இந்தப் பக்கம் என் பொறுப்பு. முன்பட்டியில் மேலே உள்ள பட்டன்களை அழகுக்கு விட்டு, அவற்றின் அடியில் பிரஸ் பட்டன் வைத்தேன். கீழே உள்ள இரண்டை மட்டும் உண்மையான காஜாவுடன் விட்டேன். அந்த இரண்டுக்கும் சற்றுப் பெரிய, தட்டையான பட்டன்களைத் தேர்ந்து, தைக்கும்போது அடியில் நூலைப் பல சுற்றுச் சுற்றித் தண்டு போல உயர்த்தினேன். பட்டன் துணியோடு ஒட்டிக் கிடந்தால் ஒரு கையால் அதைப் பிடிக்க முடியாது. தண்டு உயர்ந்திருந்தால் இரு விரல்களுக்கு நடுவே அது நிற்கும். காஜாவையும் கொஞ்சம் நீளமாக அறுத்தேன்.

தெரபி நிபுணர்கள் குழந்தைகளுக்கு ஒரு வேலையைப் பழக்கும்போது, பல சமயம் அதன் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். மற்ற எல்லாவற்றையும் பெரியவர் செய்து கொடுக்க, கடைசி ஒன்றைக் குழந்தை செய்து முடிக்கும். அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படியையும் குழந்தையிடம் விடுவார்கள். குழந்தையே முடித்துவைப்பதால் அதற்கு ஒவ்வொரு நாளும் வெற்றியாகவே முடிகிறது. இந்த முறையைத் துணியிலும் கொண்டுவரலாம் என்பதை அந்த இரண்டு பட்டன்களில்தான் கண்டேன். பிறகு தைத்த ஒவ்வொரு புதுச் சட்டையிலும் ஒரு பொய்ப் பட்டனைப் பிரித்து, காஜா அறுத்து அவளிடம் விட்டேன். இன்று அவள் நான்கு பட்டன்களைப் போடுகிறாள். கழுத்துப் பட்டன் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரே கையால் போடுவது எவருக்கும் கடினந்தான்.

உட்கார்ந்தே இருக்கும் குழந்தையின் கால்சட்டை இதைவிடப் பெரிய பாடம். நிற்கும் உடலுக்கு வெட்டிய கால்சட்டையை அணிந்து நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தால், பின்பக்கம் இடுப்பிலிருந்து நழுவி முதுகு தெரியும். முன்பக்கத் துணி வயிற்றில் மடிந்து அழுத்தும். முழங்கால் மடங்குவதால் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு வெகுமேலே ஏறிவிடும். ஆகவே பின்பக்கத்தை உயர்த்தி, முன்பக்கத்தைத் தாழ்த்தி, காலின் நீளத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதற்குப் பொதுவான கணக்கு எதுவும் இல்லை. குழந்தை எப்படி உட்காருமோ அப்படியே உட்காரவைத்து, இடுப்பிலிருந்து முழங்காலைச் சுற்றிக் கணுக்கால் வரை டேப்பைப் பிடித்தால்தான் சரியான அளவு கிடைக்கும். முதுகெலும்பு ஒரு பக்கம் வளைந்த குழந்தைக்கு இரு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். துணியை இரண்டாக மடித்துப் போட்டு, ஒரே வெட்டில் இரு பக்கத்தையும் எடுப்பது எங்கள் தொழிலில் கைப்பழக்கம். இந்தக் குழந்தைகளுக்குத் தைக்கும்போது முதலில் விட வேண்டியது அந்த மடிப்பைத்தான்.

பின்பாக்கெட், உலோகக் குமிழ், தடித்த மடிப்புத் தையல் ஆகியவை உட்காரும் இடத்தில் இருக்கவே கூடாது. இது வசதிக்காகச் சொல்லப்படுவதாகச் சிலர் எண்ணக்கூடும். ஸ்பைனா பைஃபிடா எனப்படும் தண்டுவடப் பிளவோடு பிறந்த குழந்தைகளில் பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவு, சிலருக்கு அறவே இல்லை. ஒரு தடித்த தையலின் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாலும் வலி தெரியாது. தோல் சிவந்து, பிறகு புண்ணாகி, ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். ஆடையைக் கழற்றியவுடன் தோலில் தையல் பதிந்த தடம் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். இதே குழந்தைகளிடம் இன்னொரு ஆபத்தும் உண்டு. இயற்கை ரப்பரில் உள்ள லேடெக்ஸ் இவர்களில் பலருக்கு ஒவ்வாது. சிறு வயதிலிருந்தே அறுவை சிகிச்சைகளிலும் குழாய்களிலும் அதனோடு திரும்பத் திரும்பத் தொடர்பு ஏற்படுவது அதற்கு முக்கியக் காரணம். எலாஸ்டிக் இடுப்புப்பட்டி என்றால் எல்லோருக்கும் எளிது என்று நாம் எண்ணுகிறோம். அந்த எலாஸ்டிக்கில் இயற்கை ரப்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கும் தையற்காரர் எத்தனை பேர்?

சக்கர நாற்காலியைத் தானே தள்ளும் குழந்தைக்கு நீண்ட, தளர்ந்த கை ஆகாது; சக்கரத்தில் உரசி அழுக்காகும், சிக்கவும் கூடும். பிளாஸ்டிக் கால்தாங்கி அணிபவர்களுக்குக் கால்சட்டையின் பக்கவாட்டில் முழங்கால் வரை ஜிப் வைத்தால் தாங்கியைக் கழற்றாமலே ஆடை மாற்றலாம். ஜிப்பின் இழுப்பானில் பெரிய வளையம் ஒன்றைக் கோத்தால், விரலால் கிள்ளிப் பிடிக்க இயலாத குழந்தையும் அதில் ஒரு விரலை மாட்டி இழுத்துவிடும். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக உணவு பெறும் குழந்தைக்குச் சட்டையில் மறைவான சிறு திறப்பு ஒன்று இருந்தால் போதும். வகுப்பின் நடுவில் சட்டையைத் தூக்க வேண்டியதில்லை.

உடலில் எந்தக் குறையும் வெளியே தெரியாத குழந்தைகளும் இந்த வரிசையில் உண்டு. எங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் எந்தச் சட்டையைப் போட்டாலும் சில நிமிடங்களில் கழற்றி எறிந்துவிடுவான். பிடிவாதம் என்று அடிகூட வாங்கியிருக்கிறான். அவனுடைய தாய் மூன்று சட்டைகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். பின்கழுத்தில் இருந்த லேபிளைக் கத்தரித்து எடுத்துவிட்டதாகவும், அப்படியும் அவன் அடங்கவில்லை என்றும் சொன்னார். கழுத்துத் தையலில் விரலை வைத்து மெல்ல ஓட்டிப் பார்த்தேன். லேபிளை வெட்டிய இடத்தில் அதன் அடிக்கட்டை தையலுக்குள்ளேயே நின்று, முன்பைவிடக் கூர்மையாக முள் போலக் குத்திக்கொண்டிருந்தது. மார்பில் இருந்த எம்பிராய்டரியின் உட்புறமும் சொரசொரப்பாக இருந்தது. லேபிளைத் தையல் பிரித்து முழுதாக எடுத்தேன். எம்பிராய்டரியின் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்து மூடினேன். பக்கத் தையல்களைப் பிரித்து, மடிப்பு வெளிப்பக்கம் வரும்படி திருப்பித் தைத்தேன். அவன் அந்த மூன்று சட்டைகளையும் மாற்றி மாற்றி அணிந்தான். வேறு எதையும் தொடவில்லை. அவனால் சொல்ல முடிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான். சொல்ல இயலாத குழந்தை கழற்றி எறிவதையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, துணியைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பதை அவனிடம் கற்றேன்.

ஆடையை மூடும் பொருள்களைப் பற்றியும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. இத்தகைய ஆடை என்றதும் பலர் முதலில் சொல்வது, ஒரு பக்கம் நுண்ணிய கொக்கிகளும் மறுபக்கம் வளையங்களுமாக அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வேல்க்ரோ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் தம் நாயோடு நடந்துவிட்டுத் திரும்பியபோது, நாயின் ரோமத்திலும் தம் உடையிலும் நாயுருவி போல் ஒட்டிக்கொண்ட காய்களை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தது அது. விரல்களில் வலுவில்லாத குழந்தைக்கு அது பெரும் உதவி. ஆனால், அதன் கொக்கிப் பக்கம் தோலைக் கீறும். திறந்தபடி துவைத்தால் மற்றத் துணிகளின் நூலையெல்லாம் பிடுங்கிக்கொண்டு சீக்கிரமே ஒட்டும் தன்மையை இழக்கும். கிழிபடுவது போன்ற அதன் ஓசையைத் தாங்க இயலாத குழந்தைகளும் உண்டு. மூடிய பின் துவைப்பதும், கொக்கிப் பக்கம் வெளியே பார்க்காமல் தைப்பதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

அண்மைக் காலத்தில் காந்தப் பட்டன் பரவி வருகிறது. பார்ப்பதற்குச் சாதாரணப் பட்டன், அருகில் கொண்டுவந்தாலே தானாக மூடிக்கொள்ளும் என்பதால் எனக்கும் அதன்மேல் ஆசை இருந்தது. மகளின் மருத்துவரிடம் கேட்டபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. மூளையில் நீர் கோத்துக்கொண்டதற்காக, அதை வடிக்கும் ஷன்ட் என்ற குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு, நீர் வடியும் அளவை வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றும் வால்வு இருக்கும். வலுவான காந்தம் அதன் அருகில் வந்தால் அந்த அளவு மாறிவிடக்கூடும். காது கேளாத குழந்தைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியிலும் காந்தம் உண்டு. இவை எதுவும் இல்லாத குழந்தையாக இருந்தாலும், பட்டன் பிய்ந்து இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து நடுவில் உள்ள சுவரைத் துளைத்துவிடும். எதையும் வாயில் வைக்கும் பழக்கமுள்ள குழந்தையின் ஆடையில் காந்தத்தைத் தைக்க எனக்கு இன்றுவரை மனம் துணியவில்லை. பெரியவர்களுக்குப் பொருந்தும் புதுமையை அளவைச் சுருக்கிக் குழந்தைக்கும் கொடுத்துவிட முடியாது என்பதை ஆடை தயாரிப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

தோற்றத்தைப் பற்றிப் பேசினால், இவ்வளவு சிரமத்தில் அழகு ஒரு கேடா என்று கேட்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். எச்சில் வடியும் 12 வயதுப் பெண்ணின் கழுத்தில் கரடிப் பொம்மை போட்ட கைக்குழந்தைத் துண்டைக் கட்டிவிட்டால், அவளைப் பார்க்கும் எல்லோரும் அவளிடம் கைக்குழந்தையிடம் பேசுவது போலவே பேசுகிறார்கள். அதே வேலையை, உள்ளே நீர் உறிஞ்சும் துணி வைத்துத் தைத்த, அவள் வயதுப் பெண்கள் கட்டிக்கொள்ளும் வண்ணக் கழுத்துத்துணி செய்துவிடும். டயப்பர் அணியும் பெரிய குழந்தைகளுக்கான உள்ளாடையும் அப்படித்தான். அது வெளியே தெரியாதபடி வெட்டுவதில்தான் தையற்காரரின் திறமை இருக்கிறது. என் மகள் சட்டையின் வண்ணத்தையும் காலரின் வடிவத்தையும் தானே தேர்ந்தெடுக்கிறாள். அவள் தேர்ந்தெடுப்பது எனக்குப் பிடிக்காத நாட்களும் உண்டு.

இவையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்தவை என்று சொல்ல வரவில்லை. 1950-களிலேயே ஹெலன் குக்மன் என்ற அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்துடன் சேர்ந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆடைகளை வடிவமைத்தார். தசைச்சிதைவு நோய் உள்ள தம் மகன் மற்றப் பிள்ளைகளைப் போல ஜீன்ஸ் அணிந்து பள்ளிக்குச் செல்ல ஆசைப்பட்டதைக் கண்டு, மிண்டி ஷையர் என்ற தாய் 2014-இல் ரன்வே ஆஃப் டிரீம்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முயற்சியால் 2016-இல் டாமி ஹில்ஃபிகர் என்ற ஆடை நிறுவனம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஆடை வரிசை ஒன்றை வெளியிட்டது. 2012-இல் செரிபிரல் பால்சி உள்ள மாத்யூ வால்சர் என்ற 16 வயது மாணவர், மற்ற உடைகளைத் தானே அணிந்துகொள்ள முடிந்தும் ஷூவின் நாடாவைக் கட்ட மட்டும் பிறரை நம்பியிருக்க வேண்டியிருப்பதை நைக்கி நிறுவனத்துக்கு எழுதினார். 2015-இல் ஃப்ளைஈஸ் என்ற, ஜிப்பால் சுற்றித் திறந்து மூடும் காலணி அதன் விளைவாக விற்பனைக்கு வந்தது. உடுத்துபவரே வாய் திறந்து சொன்னதால் நடந்த மாற்றம் என்பதால் எனக்கு இந்தச் செய்தி மிகவும் நெருக்கமானது.

அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்திகள் இன்னும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தாயால் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருப்பதுதான் என் வருத்தம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 28-ஆவது பிரிவு போதிய வாழ்க்கைத் தரத்துக்கான உரிமையைச் சொல்லும்போது, உணவுக்கும் வீட்டுக்கும் நடுவே உடையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தங்களைப் பாதிக்கும் எல்லாச் செய்திகளிலும் தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமை இந்தக் குழந்தைகளுக்கு உண்டு என்று 7-ஆவது பிரிவு கூறுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், உடையைப் பற்றிக் குழந்தையைக் கேட்பது நம் பெருந்தன்மையைப் பொறுத்ததாக இல்லாமல் நம் கடமையாகிறது.

மகள் முன்பு படித்த பள்ளியில், பக்கம் திறக்கும் சட்டையை அணிந்து சென்றபோது, சீருடையில் எந்த மாற்றத்துக்கும் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வண்ணம், துணி, காலர் எல்லாம் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தன. இடது அக்குளில் தையலுக்குப் பதிலாகப் பிரஸ் பட்டன் இருந்தது மட்டுமே வேறுபாடு. இரண்டு மாதம் கடிதம் எழுதி, மருத்துவரின் சான்றைக் காட்டி அனுமதி பெற்றோம். அந்த இரண்டு மாதமும் அவளுடைய பெருவிரல் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. சீருடை வகுக்கும் பள்ளிகள், அதன் வண்ணத்தையும் துணியையும் விதித்துவிட்டு, எந்தப் பக்கம் திறப்பது, எதைக் கொண்டு மூடுவது என்பதை அணியும் குழந்தைக்கு விட்டுவிட்டால் எவருக்கும் ஒரு குறையும் வராது.

ஆடை தயாரிப்போரிடம் என் வேண்டுகோள் எளியது. தனிக் கடை, தனி வரிசை, தனி விலை என்று இதை ஒதுக்காமல், வழக்கமாக வெளியிடும் குழந்தை ஆடைகளிலேயே பெரிய ஜிப் வளையம், தையல் துருத்தாத கழுத்து, குத்தாமல் அச்சிட்ட லேபிள், கால்சட்டையை இழுத்து மேலேற்ற அதன் உட்பக்கம் நாடா வளையம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் அவை பயன்படும். உட்கார்ந்த அளவில் வெட்டிய கால்சட்டை போன்ற சிலவற்றுக்குத் தனி வெட்டு தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தையல் பயிற்சி அளிப்போர், நின்ற நிலையில் அளவெடுக்கச் சொல்லித் தரும் அதே வாரத்தில் உட்கார்ந்த நிலையிலும் அளவெடுக்கச் சொல்லித் தர வேண்டும். ஆக்குபேஷனல் தெரபி நிபுணர் ஒருவரை ஒரு நாளாவது வகுப்புக்கு அழைக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. குழந்தைகள் ஆடைக்கான வெட்டுமுறையைத் தாங்கள் வெளியிடும்போதெல்லாம், அதே ஆடையைச் சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்கும், ஒரு கை மட்டும் இயங்கும் குழந்தைக்கும் எப்படி மாற்றி வெட்டுவது என்று ஒரு சிறு படத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். என்னிடம் உள்ள வெட்டுமுறைகளைத் தாளில் வரைந்து அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். பிழை இருந்தால் தெரபி நிபுணர்களும் மற்றத் தாய்மார்களும் திருத்தட்டும்.

வரும் கல்வியாண்டுச் சீருடைக்கு இந்த வாரம் மகளுக்கு அளவெடுக்க இருக்கிறேன். பாக்கெட் தொடையின் மேற்பக்கம், வலது கை எட்டும் இடத்தில் வேண்டும் என்றும், கழுத்துப் பட்டனுக்கு இந்த முறை உண்மையான காஜா அறுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
தையற்கலைஞர்